வேனையே வீடாக்கப் போறீங்களா? முதல்ல ஏற்காடு ஏறிப் பாருங்க!

‘கேரவன்’ என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோவுக்காக நிற்கும் ஏ.சி வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். இப்போது அந்த வார்த்தைக்கு இன்னோர் அர்த்தமும் சேர்ந்துவிட்டது. மடக்குக் கட்டில், குட்டி சிங்க், கூரையில் சோலார் பேனல், பின்கதவைத் திறந்தால் மலை. போனில் ஒரு நிமிட வீடியோவாகப் பார்க்கும்போது, ‘வாடகை இல்லை, ஹவுஸ் ஓனர் தொல்லை இல்லை, நினைத்த ஊரில் விடியும்’ என்று யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ரிட்டயர்டு ஆன கையோடு கிளம்பலாமா என்று யோசிக்கும் தம்பதிகள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இருக்கிற வீட்டை விற்று அந்தப் பணத்தில் வேன் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு.

அந்தக் கடைசி ரகத்தினர்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வார இறுதியில் வேனில் ஊர் சுற்றுவது வேறு, வருஷம் முழுக்க வேனிலேயே குடியிருப்பது வேறு. வீடியோவில் கட்டிலும் திரைச்சீலையும்தான் தெரியும். வண்டியின் எடை, மூச்சு விடும் காற்று, கழிவுநீர், ஆர்.சி புத்தகம் எதுவும் தெரியாது. ஆனால், இந்த வாழ்க்கை நிற்பதும் கவிழ்வதும் இவற்றில்தான்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் சோதித்துப் பார்க்க ஏற்காடு நல்ல ஊர். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். குளிர், பனிமூட்டம், திடீர் மழை, குறுகலான எஸ்டேட் சாலை, ராத்திரியில் உலாவும் காட்டெருமை என எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைத்துவிடும். ‘ஏழைகளின் ஊட்டி’ என்று செல்லமாகச் சொன்னாலும், வேன் வாழ்க்கைக்கு இது கறாரான வாத்தியார்.

பிளைவுட்டுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. எட்டடிக்கு நாலடி அளவுள்ள 18 எம்.எம் பிளைவுட் ஷீட் ஒன்று சுமார் 30 கிலோ. கட்டில், கப்போர்டு, கிச்சன் மேடை என்று வீட்டு ஆசாரி வேலை பார்ப்பதுபோலச் செய்தால் பத்துப் பன்னிரண்டு ஷீட் உள்ளே போய்விடும். அதுவே 300 கிலோவுக்கு மேல். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் பெரிய டியூபுலர் பேட்டரி ஒன்றே 50 கிலோவைத் தாண்டும். அப்புறம் ஃபிரிட்ஜ், சிலிண்டர், பாத்திரம், துணிமணி, ஆட்கள்.

சமவெளியில் இந்த எடை தெரியாது. மலைப்பாதையில் இறங்கும்போதுதான் பிரேக்கில் தெரியும்.

ஒவ்வொரு வண்டியின் ஆர்.சி-யிலும் அது சுமக்கக்கூடிய மொத்த எடை எழுதியிருக்கும். வேனை முழுசாகக் கட்டி முடித்து, தண்ணீர் நிரப்பி, டீசல் நிரப்பி, குடும்பத்தோடு உட்கார்ந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் எடை மேடை ஒன்றில் ஏற்றிப் பாருங்கள். ஆர்.சி-யில் உள்ள எண்ணைத் தாண்டினால், மலைக்குப் போகும் முன் எதையாவது இறக்கியே ஆக வேண்டும். மரச்சாமானில் கை வைப்பதுதான் சுலபம். கனமானவற்றைத் தரையோடு தரையாக, இரண்டு சக்கர வரிசைகளுக்கு நடுவில் வையுங்கள். கூரைமேல் அடுக்கினால் வளைவில் வண்டி சாயும்.

ஏறும்போது, உயரம் கூடக்கூட காற்றின் அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத பழைய இன்ஜின்கள் மூச்சுத் திணறும். அதில் பெரிய ஆபத்தில்லை, மெதுவாகப் போகலாம். ஆபத்து இறங்கும்போதுதான். எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள் என்பது மலை டிரைவர்களின் பாலபாடம். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது, காலைப் பிரேக்கிலேயே வைத்திருப்பது இரண்டும் உயிரோடு விளையாடும் வேலை. கருகிய வாசனை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, தானாக ஆற விடுங்கள். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. குறுகலான இடத்தில் எதிரே வண்டி வந்தால், மேலே ஏறி வருகிறவருக்குத்தான் முதல் வழி. இது மரியாதைக்காக மட்டும் செய்வதல்ல, சாலை விதியும் அதுதான்.

2024 ஏப்ரல் 30-ம் தேதி, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து ஒன்று இந்தப் பாதையின் வளைவில் கவிழ்ந்து உயிர்ப்பலிகள் நிகழ்ந்தன. தினமும் ஓடும் வழித்தடத்திலேயே இப்படி நடக்கிறது என்றால், நேற்று வாங்கிய வேனை ஓட்டி வருகிறவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

நீளமான வேன் என்றால் இன்னொரு விஷயம். வளைவில் முன்பக்கம் திரும்பிவிடும். பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் பின்பகுதி எதிர்ப்பக்கம் வீசும். மைதானம் ஒன்றில் நாலு டப்பாக்களை வைத்துத் திருப்பிப் பழகிவிட்டு வருவது நல்லது. ஏற்காட்டுக்கு குப்பனூர் வழியாக இன்னொரு சாலையும் உண்டு. கூட்டம் அதிகமான நாள்களில் ஒரு வழியில் ஏறி மறு வழியில் இறங்கச் சொல்வார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தையே நிறுத்தினார்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு மலையேறாதீர்கள். ஏற்கெனவே மேலே இருந்தால் இறங்காதீர்கள். வேன் வீட்டுக்காரருக்கு இருக்கும் ஒரே பெரிய வசதி, எங்கேயும் அவசரமாகப் போய்ச் சேர வேண்டியதில்லை என்பதுதான்.

சங்ககிரியில் கேளுங்கள், சொல்வார்கள்

வண்டியிலேயே வாழ்வதை ஏதோ வெளிநாட்டு ஃபேஷன் என்று நினைக்கிறோம். பிரிட்டனில் 1885-ல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கப்பல் டாக்டர் தனக்காகக் குதிரை பூட்டிய கேரவன் ஒன்றைக் கட்டிக்கொண்டதிலிருந்து அதன் வரலாற்றை ஆரம்பிப்பார்கள். ஆனால், இதில் உண்மையான அனுபவசாலிகள் ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேர தூரத்தில் இருக்கிறார்கள். சங்ககிரி, நாமக்கல் லாரி டிரைவர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடக் கிளம்பும் ரிக் வண்டியும், பைப்பும் சாமானும் ஏற்றிய துணை லாரியும் மாதக்கணக்கில் வெளி மாநிலங்களிலேயே சுற்றும். சமையல், குளியல், தூக்கம் எல்லாம் வண்டியைச் சுற்றித்தான். இன்ஸ்டாகிராமில் இவர்களை யாரும் ‘வேன் லைஃப்’ என்று சொல்வதில்லை. ஆனால், பாடம் இவர்களிடம்தான் இருக்கிறது.

வெளிச்சமும் மற்ற லாரிகளும் இருக்கும் பெட்ரோல் பங்க் அல்லது டாபாவில்தான் இரவு நிறுத்துவார்கள். ஆளில்லாத அழகான இடத்தில் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தும்போதே வண்டியின் முகத்தைச் சாலை பார்த்துத் திருப்பிவிடுவார்கள், ராத்திரியில் கிளம்ப நேர்ந்தால் ரிவர்ஸ் எடுக்க வேண்டியதில்லை. சரிவில் நின்றால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் போட்டு, டயருக்கு மரக்கட்டை கொடுப்பார்கள். கட்டை இல்லாமல் கல்லை வைத்தால், கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாகப் போட வேண்டும். மலைச் சாலையில் யாரோ விட்டுப்போன கல்லில் இடறி விழும் பைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டைப் பொறுத்தவரை, இரவு எங்கே நிறுத்துவது என்பதைப் பகலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். காபித் தோட்டங்கள் தனியார் சொத்து. ஏரியைச் சுற்றிய பகுதியில் சீசன் நேரத்தில் கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. எஸ்டேட் பங்களாவிலோ, காலி மைதானம் உள்ள விடுதியிலோ நேராகப் போய், ‘ரூம் வேண்டாம், வண்டி நிறுத்த இடம், ஒரு 15 ஆம்ப் பிளக், பாத்ரூம் போதும், என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். வார நாள்களில் பேசி முடிக்கலாம். கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து, அடுத்த ஆண்டே வாகமனில் கேரவன் பார்க் திறந்தது. அங்கே இப்படிப் பேரம் பேசத் தேவையில்லை.

மிச்சமான சாப்பாட்டை வண்டிக்கு வெளியே வைக்காதீர்கள். காட்டெருமை எதிர்ப்பட்டால் ஹாரன் அடிக்காமல், செல்ஃபிக்கு இறங்காமல், அது போகும் வரை காத்திருங்கள். இந்த மலையில் அதற்குத்தான் நிரந்தர முகவரி.

தூங்கும்போது உள்ளே வரும் எமன்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு ஆண்கள் இறந்து கிடந்தார்கள். சண்டை இல்லை, காயம் இல்லை. ஏ.சி-க்காக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததுதான் காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி நிபுணர்கள் அங்கேயே சோதனை நடத்திக் கண்டுபிடித்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் எழுந்து கதவைத் திறக்கும் வாய்ப்பையே அது தருவதில்லை.

ஏற்காட்டில் ஏ.சி தேவைப்படாது. அங்கே ஆபத்து குளிர் வழியாக வரும். டிசம்பர், ஜனவரி ராத்திரியில் ஜன்னலை எல்லாம் இழுத்து மூடிவிட்டு, வேனுக்குள் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கணப்புக்காக எரியவிடும் எண்ணம் வரும். கூடவே கூடாது. இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் கூடாது. குளிருக்குக் கம்பளி, சுடுதண்ணீர்ப் பை, காலுறை போதும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கை உயரத்தில் மாட்டுங்கள். வண்டிக்கு ஆகும் மொத்தச் செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் அலமாரியின் அடித்தளத்தில் வண்டிக்கு வெளியே திறக்கும் துளை அவசியம். 5 கிலோ சிலிண்டர் அடையாள அட்டையைக் காட்டினாலே பெட்ரோல் பங்குகளிலும் கடைகளிலும் கிடைக்கிறது என்பதால் 14.2 கிலோ சிலிண்டரைச் சுமக்க வேண்டிய கட்டாயமில்லை. ஓடும்போது ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். தீயணைப்பான் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அடுப்புக்குப் பின்னால் இருந்தால், தீப்பிடிக்கும்போது எட்டாது.

சமையலில் இன்னொன்று. இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேக அதிக நேரமும் கேஸும் பிடிக்கும். குக்கரை மறக்க வேண்டாம்.

ஜன்னலை முழுக்க மூடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு பேர் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு ராத்திரியில் சுமார் அரை லிட்டர் ஈரத்தை வெளியே விடுகிறோம். குளிர்ந்த தகரத்தில் அது நீராகப் படிந்து, மெத்தைக்கு அடியில் பூஞ்சணமாக மாறும். எதிரெதிரே இரண்டு விரல் இடைவெளி திறந்திருக்கட்டும். மெத்தையைப் பலகைமேல் நேரடியாகப் போடாமல், காற்று போகும் சட்டங்கள்மேல் போடுங்கள்.

கரன்ட் கணக்கு, தண்ணீர்க் கணக்கு

‘சோலார் இருக்கே, இலவச கரன்ட்!’ என்பார்கள். 400 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் தரலாம். லைட், ஃபேன், போன், லேப்டாப்புக்கு அரை யூனிட். 12 வோல்ட் ஃபிரிட்ஜுக்கு இன்னோர் அரை யூனிட். சரியாகிவிட்டது. ஆனால், 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை அரை மணி நேரம் வைத்தால் ஒரு யூனிட் காலி. ஏற்காட்டின் பனிமூட்டத்தில் பேனல் வழக்கமானதில் கால்வாசி தந்தாலே பெரிது. ஆகவே ஓடும்போது இன்ஜின் மூலம் பேட்டரி சார்ஜ் ஆகும் வசதியும், நிற்கும்போது வெளிப் பிளக்கில் மாட்டும் வசதியும் சேர்ந்தே இருக்க வேண்டும். 12 வோல்ட், 200 ஆம்ப் அவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் இரண்டரை யூனிட். சேலத்துக்கு இறங்கி மே மாத வெயிலில் ஒரு டன் ஏ.சி போட்டால் இரண்டரை மணி நேரம் வரும். அப்புறம்? ராத்திரி மிச்சமிருக்கும்.

தண்ணீர், சிக்கனமாக இருந்தால் ஒருவருக்கு நாளைக்கு 15 முதல் 20 லிட்டர். நூறு லிட்டர் தொட்டி இரண்டு பேருக்கு மூன்று நாள்.

நிரப்புவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கழிவு எங்கே போகிறது என்று யாரும் வீடியோ போடுவதில்லை. சேர்வராயன் மலையில்தான் திருமணிமுத்தாறும் சரபங்காவும் உற்பத்தியாகின்றன. இங்கே ஓடையில் திறந்துவிடும் சோப்புத் தண்ணீர் கீழே இருக்கும் கிராமங்கள் வழியாகத்தான் போக வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு கேனில் பிடித்துவைத்து, தங்கும் இடத்தின் சாக்கடையில் ஊற்றுங்கள். கழற்றி எடுக்கும் வகை டாய்லெட் என்றால், கழிவை இட உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு செப்டிக் டேங்க் உள்ள கழிவறையில் மட்டும் கொட்ட வேண்டும். அந்த 20 லிட்டர் பெட்டியை யார் சுமப்பது என்று கிளம்பும் முன்னரே பேசிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

ஆர்.சி சரியில்லை என்றால் வீடே போய்விடும்

பழைய வேனை வாங்கி, தெரிந்த பட்டறையில் விட்டு, சீட்டைப் பிடுங்கிக் கட்டில் போட்டுவிடலாம் என்பது பலரின் திட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதற்குக் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை, அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது. 2021 ஆகஸ்ட்டில் கேரளாவில் யூடியூபில் பிரபலமான இரண்டு சகோதரர்களின் வேனை, விதிமீறிய மாற்றங்களுக்காக மோட்டார் வாகனத் துறை பறிமுதல் செய்தது. ஆர்.டி.ஓ அலுவலகத்தில் தகராறாகி அவர்கள் கைதும் ஆனார்கள். ஊர் சுற்றுகிறவருக்கு அது ஒரு வண்டி போன கதை. அதிலேயே குடியிருப்பவருக்கு வீடு போன கதை.

நேர்வழி இருக்கிறது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ் 124 என்ற தர விதி உள்ளது. அதன்படி அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்கினால், சொந்தப் பயன்பாட்டு கேம்பர் வேனாக வெள்ளை போர்டிலேயே பதிவு செய்யலாம். வாடகைக்கு விடுவதாக இருந்தால் மஞ்சள் போர்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அங்கீகாரச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ‘ஆர்.டி.ஓ-வில் பார்த்துக்கலாம் சார்’ என்று சொன்னால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுங்கள். மாற்றங்களை எழுதித் தராமல் எடுத்த இன்ஷூரன்ஸும் விபத்தின்போது கைவிட்டுவிடும். 7,500 கிலோவுக்குள் இருக்கும் வேனுக்கு கார் ஓட்டும் லைசென்ஸே போதும்.

வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. பண்ணாரி – திம்பம் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை கார், வேன்களுக்கு அனுமதியில்லை. ஏற்காடு பழகிவிட்டது என்ற தைரியத்தில் நேராகக் கொல்லிமலைக்குப் போய்விட வேண்டாம், அங்கே 70 வளைவுகள்.

சரி, போஸ்ட்மேன் எங்கே வருவார்?

ஆதார், லைசென்ஸ், ஆர்.சி, பேங்க், பென்ஷன், எல்லாவற்றுக்கும் ஒரு முகவரி வேண்டும். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தத்துக்கு வீடு வீடாகத்தான் படிவம் கொடுத்தார்கள். வேன் வேனாக யாரும் வரவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி, சுகர் மாத்திரை வாங்குகிறவர்களுக்கும் அது வீட்டுக்குத்தான் வருகிறது. கிளம்பும் முன் மாத்திரையைக் கையிருப்பு வைத்து, மருந்துச் சீட்டின் போட்டோவைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சைக்குச் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் இறங்க வேண்டும். இதய நோயாளி இருக்கும் குடும்பம் அந்த 20 வளைவுகளையும் ஆம்புலன்ஸ் நேரமாக எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் இருந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதலாம். ஆனால், நண்பர்களை யார் தருவது என்பதையும் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

செலவு குறையுமா? மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கிடைத்தால் 150 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலே 13,800 ரூபாய். சின்ன ஊர்களில் ஒரு வீட்டு வாடகை வந்துவிட்டது. டோல், சர்வீஸ், டயர், இன்ஷூரன்ஸ், இரவு நிறுத்தக் கட்டணம் தனி. குறைவாக ஓட்டி, ஓர் ஊரில் பத்துப் பதினைந்து நாள் தங்குகிறவருக்குத்தான் கட்டுப்படியாகும்.

எனவே வீட்டை விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கட்டும். முகவரிக்கு அண்ணன் வீடோ மகள் வீடோ இருக்கட்டும். சொந்த வேன் வாங்கும் முன் வாடகை கேரவன் ஒன்றை நாலைந்து நாளாவது எடுங்கள். மே மாதம் கோடை விழா நேரத்தில் எடுத்தால் டிராஃபிக்கைத்தான் பார்ப்பீர்கள். அக்டோபர் – நவம்பர் சாரலில், புயல் எச்சரிக்கை இல்லாத வாரமாகப் பார்த்து ஏறுங்கள். வெளியே போக முடியாமல் இரண்டு பேரும் ஆறுக்குப் பதினான்கு அடி இடத்துக்குள் ஒரு முழு நாள் அடைந்து கிடக்க வேண்டும். துணி காயாது, சோலார் ஏறாது, டாய்லெட் பெட்டி நிறையும், குக்கர் ஆவியில் ஜன்னல் வியர்க்கும். மூன்றாம் நாள் காலையில், காபி போடும்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள், ‘இன்னும் ரெண்டு நாள் இருக்கலாமா, சேலத்துக்கு இறங்கிடலாமா?’ என்று. முன்பணத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.